சாப்பாவும் மெடலும்

வில்லிங்டன் தீவு என்ற பெயர் பலகைகளிலும் தபால் முகவரியிலும்தான் இருக்கிறது. கொச்சியில் யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. ஐலண்ட், அவ்வளவுதான். காயல் முழுக்கத் தீவுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் இது ஒன்றுக்கு மட்டும் பெயரே தேவைப்படாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஐலண்டின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் ஷூ லேஸ் கட்டுவார்கள். ஒருவர் வாசலின் டப்பாவைத் திறந்து தொடை இடுக்கிலும் அக்குளிலும் தடவிக்கொள்வார். வெட்கமெல்லாம் முதல் மாதத்தோடு போய்விடும். இன்னொருவர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய், மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் ஒளித்து வைத்துவிட்டு வருவார். நாய்க்கும் தெரியக் கூடாது, துப்புரவுப் பணியாளர் கண்ணிலும் படக் கூடாது. அப்புறம் இடுப்புப் பட்டையில் நாலு ஜெல் பாக்கெட்டைச் சொருகிக்கொண்டு, “இன்று முப்பத்திரண்டு” என்பார்கள். முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

இந்தக் கூட்டத்தில் பலருக்கு ஊர்ப் பெயர்தான் அடையாளம். பெர்லின் வருகிறாரா, சிகாகோவுக்கு முட்டி எப்படி இருக்கிறது, லண்டனுக்குக் குலுக்கலில் விழுந்ததா என்று விசாரிப்பார்கள். யார் எந்த ஊர் மாரத்தானுக்குத் தயாராகிறாரோ அந்த ஊர் அவர் பெயராகிவிடும். நானும் ஒரு வருஷம் நியூயார்க் ஆக இருந்தேன்.

என் தாத்தா இந்தக் கரைக்கு வந்தது 1940களில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் டாலி கிளார்க்காகச் சேர்ந்தார். மூட்டை இறங்க இறங்க நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகக் குறித்துக்கொண்டே போவதுதான் டாலி கிளார்க்கின் உத்தியோகம். அவரும் விடியற்காலையில்தான் புறப்படுவார். அவர் பார்த்த விடியற்காலைக் கூட்டம் வேறு.

அதற்கு முன் ஐலண்ட் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடமே ஒரு நூறு வருஷத்துக் கதை. 1920 ஏப்ரலில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் கொச்சியில் வந்து இறங்கினார். அப்போது பெரிய கப்பல்கள் காயலுக்குள் வரமுடியாது. முகத்துவாரத்தில் கல்போல் இறுகிய மணல் திட்டு மறித்துக்கொண்டிருந்தது. கப்பல் வெளிக்கடலில் நிற்கும், சரக்கு தோணியில் போய்வரும், மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தத் துணையாக நின்றவர் அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு. 1928 மே 26 அன்று எஸ்.எஸ். பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டி எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது? வெண்டுருத்தி என்ற பழைய தீவை ஒட்டிக் கொட்டிக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய 780 ஏக்கர் நிலம் காயலிலிருந்து எழும்பியது. ஆக நாங்கள் ஓடும் சாலைக்குக் கீழே இருப்பது கடலடி மண். மழை பெய்து ஓய்ந்த காலையில் சேற்று வாடை வந்தால் எனக்கு இந்த ஞாபகம் வரும். மற்றவர்களுக்குச் சாக்கடை ஞாபகம் வருகிறதாம்.

துறைமுகம் வளர்ந்ததும் வேலைக்கு ஆள் வந்தது. மலபாரிலிருந்து, ஆலப்புழையிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து. வேலையைவிட ஆள் அதிகம். ஒரு கப்பலுக்கு நூறு பேர் வேண்டுமென்றால் ஐந்நூறு பேர் நிற்பார்கள். யாருக்கு வேலை என்று தீர்மானிக்க மட்டாஞ்சேரியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் சாப்பா. முத்திரை குத்திய சிறு உலோகத் துண்டு. சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரான ஸ்டீவிடோரின் ஆள் மூப்பன். அவன் ஒரு கை நிறைய அள்ளி, கூட்டத்துக்கு நடுவே விட்டெறிவான். எறிந்ததும் ஓட வேண்டும். விழுந்து, புரண்டு, ஒருவன் கையை இன்னொருவன் மிதித்து, பொறுக்க வேண்டும். சாப்பா கையில் கிடைத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டுக்குப் போகலாம், அல்லது அடுத்த கப்பல் வரும்வரை நிற்கலாம்.

தாத்தா இதைக் கதையாகச் சொல்லிக் கேட்டதில்லை. மாடியில் நெல் காயப்போட்டிருக்கும்போது, காக்கைக்கு ஒரு பிடி அரிசி எறிவார் பாட்டி. “அப்படி எறியாதே, ஓரமாக வை” என்பார் தாத்தா. அவ்வளவுதான். ஏன் என்று பாட்டி பிறகு என்னிடம் சொன்னார். எழுத்துவேலைக்காரர் என்பதால் தாத்தா ஒருநாளும் சாப்பாவுக்கு ஓடியதில்லை, ஓடியவர்களை எண்ணியிருக்கிறார்.

வேலையை எறிந்து கொடுக்காதே, தொழிற்சங்கம் வழியாக முறைப்படி கொடு என்று 1953இல் துறைமுகத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று பேரை அந்தப் போராட்டம் பலிகொண்டது. சாப்பா முறை முழுதாக ஒழிய 1960கள் ஆயின. இதை மையமாக வைத்து கே.எம். சிதம்பரன் நாடகம் எழுதினார். அதிலிருந்து ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படம் 2023இல் வந்தது. எங்கள் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் படத்தைப் பார்த்தார்கள். நிவின் பாலியின் நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். தினமும் எந்தக் கரையில் ஓடுகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. நானும்தான்.

ஐலண்ட் ஒரு காலத்தில் புறப்பாட்டின் இடம். 1943இல் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் திறந்தது; மெட்ராஸிலிருந்து ராத்திரி ஏறினால் ரயில் காயலைத் தாண்டி நேரே கப்பல் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கும். விமானமும் இங்கேதான். கடற்படையின் ஓடுதளத்தில்தான் கொச்சிக்கான பயணிகள் விமானங்கள் இறங்கின. பம்பாய் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப வேன் வேனாக ஆட்கள் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்ததும் விமானம் போனது. 2000களில் ரயில் நின்றது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறக்க, கன்டெய்னர்களும் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற சாலை காலியாயிற்று. எண்ணெய்க் கப்பல், உரக் கப்பல், சுற்றுலாக் கப்பல், லட்சத்தீவுக் கப்பல் எல்லாம் இப்போதும் வருகின்றன, துறைமுகம் செத்துப்போகவில்லை. ஆனால் பழைய நெரிசல் இல்லை. அகலமான சாலை, பெரிய மரம், சிக்னல் இல்லாத நேர்வழி, சுற்றிலும் காயல் காற்று. லாரிக்காகப் போட்ட சாலையைக் காலுக்காக எடுத்துக்கொண்டோம். என் கணிப்பில், லாரிகள் குறைந்திராவிட்டால் ஐலண்டில் மாரத்தான் கூட்டம் இவ்வளவு வளர்ந்திருக்காது.

வளர்ந்ததும் வேகமாகத்தான். சோல்ஸ் ஆஃப் கொச்சின் என்ற ஓட்டக் குழு நடத்திய ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தானுக்கு 2017 நவம்பரில் சச்சின் டெண்டுல்கர் இதே ஐலண்டுக்கு வந்து கொடியசைத்தார். அன்று ஓட வந்தவர்களைவிட சச்சினைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு, எங்கள் தெரு டெய்லர்கூட பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க ஆரம்பித்தார்.

வெளிநாட்டு மாரத்தானுக்குப் போவது என்பது ஒரு காலத்தில் நாடு அனுப்பினால்தான் உண்டு. பிரிஸ்டோ கொச்சியில் இறங்கிய அதே 1920இல், பெல்காம் பக்கத்து ஃபடேப்பா சௌகுலே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். அதற்கு முந்தைய வருஷம் புனேயில் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளில் வெறுங்காலோடு ஓடிய கிராமத்து ஆட்களைப் பார்த்து அசந்துபோன தோராப்ஜி டாடா, காசு திரட்டி அனுப்பிவைத்த குழு அது. பம்பாயிலிருந்து கப்பல். வாரக்கணக்கில் கடல்மேல். சௌகுலே 19ஆவதாக வந்தார். கப்பல் தளத்தில் அந்த மனிதர் எப்படிப் பயிற்சி செய்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். எங்களுக்கு இரண்டு நாள் ஓட்டம் தவறினால் கையில் கட்டிய கடிகாரமே குறை சொல்கிறது.

பிறகு சிவ்நாத் சிங். பீகார்க்காரர், ராணுவ வீரர், வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்த நேரத்தைத் தாண்ட இந்தியர்கள் பல பத்தாண்டுகள் முயன்று தோற்றார்கள். கேரளத்தில் வயநாட்டிலிருந்து டி. கோபி வந்தார், 2016 ரியோவில் 2:15:25 ஓடி 25ஆவதாக முடித்தார், மறுவருஷம் ஆசிய மாரத்தான் சாம்பியனும் ஆனார். இவர்களெல்லாம் வேறு ஜாதி. நாங்கள் நாலரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஐஸ் டப்பில் காலை வைத்துக்கொண்டு போட்டோ போடுகிற ஜாதி.

எங்களை அனுப்புவது நாடு இல்லை, குலுக்கல். லண்டனின் 2026 ஓட்டத்துக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது அதில் ஒரு சிறு பகுதிக்குத்தான். சாப்பா எறிந்தபோது குறைந்தபட்சம் யார் கையில் பலம் இருக்கிறது என்று பார்க்கலாம்; இங்கே கம்ப்யூட்டர் எறிகிறது, மின்னஞ்சலில் விழுகிறது. எனக்கு நியூயார்க் விழுந்தது ஒரு மார்ச் மாதம். வங்கிக் கணக்கிலிருந்து டாலர் போன குறுஞ்செய்தி முதலில் வந்தது. வாழ்த்துக் கடிதம் அப்புறம்தான். வெளிநாட்டுக்காரனுக்குக் கட்டணம் 350 டாலரைத் தாண்டும். 1970இல் இதே நியூயார்க் மாரத்தான் தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ஓட வந்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். பரோ என்று அவர்கள் சொல்லும் நகரின் ஐந்து பகுதிகளையும் தொடும் பாதையெல்லாம் 1976இல்தான் வந்தது. அதுவரை சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் ஐலண்டில் நாங்கள் சுற்றுவதுபோல.

மார்ச்சில் விழுந்தது, நவம்பர் முதல் ஞாயிறு ஓட்டம். நடுவில் கொச்சியின் முழு மழைக்காலம். ஜூனில் மழை கொட்டும்போது ஓடினால் ஷூ ஊறிக் கனத்துப்போகும். வீட்டில் செய்தித்தாள் திணித்துக் காயவைத்தால் மூன்று நாள் ஆகும். இரண்டு ஜோடி இல்லாமல் கதையே நடக்காது. மழை விட்டால் புழுக்கம். கொச்சிப் புழுக்கத்தில் வேர்வை ஆவியாகாது, வழிந்து ஷூவுக்குள் போய்த் தேங்கும். உடம்பு குளிர்வது வேர்வை ஆவியாவதால்தான். அது நடக்காதபோது இதயம் கூடுதலாக அடித்துத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுகிறவன் குளிர்நாட்டில் ஆறரைக்கு ஓடுவான் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. முழுக்கப் பொய்யில்லை. இரண்டு வாரம் வெயிலில் பழகினால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். அந்தச் சேமிப்பு குளிரிலும் உதவக்கூடும். இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல் புழுக்கத்தைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

நியூயார்க் பாதை பாலம் பாலமாக ஏறி இறங்கும். கொச்சியில் மேடு கிடையாது. எங்களுக்கு மலை என்றால் பாலம்தான். செவ்வாய்க்கிழமைதோறும் வெண்டுருத்திப் பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்துத் தடவை. பக்கத்தில் பழைய ரயில் பாலம் துருப்பிடித்து நிற்கும். மீன் ஏற்றிய மினி லாரிக்காரர்கள் முதல் வாரம் முறைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் ஜன்னல் வழியே எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார்: “ஏழு!” அவர் எண்ணியது தப்பு, ஆறுதான். அந்த ஒன்றை நான் திருத்தவில்லை.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை. ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மாவுச்சத்தை ஏற்ற வேண்டும். தசையிலும் ஈரலிலும் தேங்கும் சர்க்கரை முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது தீர்ந்துபோகிறது. கால் திடீரென்று சிமெண்ட் ஆகிவிடும், இதைத்தான் ஓட்டக்காரர்கள் சுவர் என்கிறார்கள். சுவரைத் தள்ளிப்போட முன்கூட்டியே சோறு, ஓடும்போது ஜெல். சர்க்கரைக்குப் பயந்து இருபது வருஷமாகச் சோற்றை அளந்து போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு, மூன்று வேளையும் சோறு போடு என்று நான் கேட்டது ஒன்றும் புரியவில்லை. “ஓடுறதுக்கா திங்கிற, திங்கிறதுக்கா ஓடுற?” என்றார். ஜெல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “பல்பொடி கரைச்ச மாதிரி இருக்கு” என்றார். சரியான விமர்சனம். குழுவில் சிலர் ஜெல்லோடு அவித்த நேந்திரம்பழத்தையும் துண்டு போட்டு உப்பு தூவி எடுத்துவருவார்கள். வயிறு அதைத்தான் நம்புகிறது.

குளிருக்குப் பழக மட்டும் கொச்சியில் வழியில்லை. தோப்பும்படியில் இறால் ஏற்றுமதிக் குளிர்க்கிடங்கு ஒன்றில் ஒருமணி நேரம் நின்றுவிட்டு வா என்று கிண்டல் செய்தார்கள். நான் சிரித்தேன். ஆனால் யாரைக் கேட்பது என்று மனசுக்குள் ஒரு கணம் யோசித்தேன்.

விசாவுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள், ஓடுவதற்கு என்றேன். எங்கிருந்து எங்கே என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, கேட்கவில்லை.

கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். டேப்பர் என்பார்கள். இதுதான் மிகக் கடினமான பகுதி. கால் சும்மா இருந்தால் மனசு ஓடும். முட்டியில் இல்லாத வலி வரும், தொண்டையில் இல்லாத கரகரப்பு வரும். அந்த வாரங்களில் நான் ஐலண்டில் ஓடாமல் நடந்தேன். அப்போதுதான் அந்த டீக்கடையில் உட்கார நேரம் கிடைத்தது. லட்சத்தீவுக் கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்துக் கிடங்கிலிருந்து தேயிலைத் தூள் வாசனை வரும்; கொச்சித் தேயிலை ஏலம் 1947 முதல் இருக்கிறதல்லவா, ஏலம் கம்ப்யூட்டருக்குப் போனாலும் வாசனை போகவில்லை. பெஞ்சில் ஒரு பெரியவர் தினமும் இருப்பார். எண்பதைத் தாண்டியவர், துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். மட்டாஞ்சேரிக்காரர். எல்லோரும் அவரை இக்கா என்றார்கள், நானும்.

அவர் எங்களை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஓடியால் எந்து கிட்டும் மோனே?”

“ஒரு மெடல் கிடைக்கும் இக்கா.”

“பைசா?”

“பைசா நாங்கதான் கொடுக்கணும்.”

அவர் சிரிக்கவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார். “எத்ர?” என்றார்.

நான் பொய் சொன்னேன். விமான டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நுழைவுக் கட்டணத்திலும் கால்வாசியைச் சொன்னேன். அதற்கே அவர் புருவம் உயர்ந்தது. அவர் வாப்பா சாப்பாவுக்கு ஓடியவராம். ஒருநாள் சுண்டுவிரல் நகம் பிய்ந்து ரத்தத்தோடு, ஆனால் கையில் சாப்பாவோடு வந்தாராம். அதைச் சொல்லிவிட்டு, என் ஷூவைப் பார்த்தார். “அதிண்ட விலை சோதிக்குந்நில்ல” என்றார். விலை கேட்கவில்லையாம். நல்ல மனிதர்.

நியூயார்க்கில் ஓட்டத்தன்று விடியற்காலை அந்நாட்டுக் கடிகாரம் ஒருமணி நேரம் பின்னுக்குப் போகும். கோடைகால நேரம் முடிவது அதே ஞாயிறுதான். எல்லோருக்கும் ஒருமணி நேரத் தூக்கம் கூடுதல். நேர வித்தியாசத்தில் ராத்திரி ஒரு மணிக்கே விழித்துவிட்ட எனக்கு அதனால் விழிப்புதான் கூடுதல். மன்ஹாட்டன் முனையிலிருந்து, ஓட்டம் தொடங்கும் ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் படகு. ஓசிப் படகு. எர்ணாகுளம் ஜெட்டியில் ஃபோர்ட் கொச்சிப் படகுக்கு முண்டியடித்துப் பழகியவனுக்கு அது ஒன்றுதான் அந்த ஊரில் பழகிய விஷயமாக இருந்தது. அப்புறம் பஸ். அப்புறம் ஃபோர்ட் வாட்ஸ்வொர்த் என்ற பழைய கோட்டை மைதானத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பு. புல்லில் ஈரம், காற்று. ஐம்பதாயிரம் பேர் தரையில் அட்டை விரித்துக் குந்தியிருக்கிறார்கள். பார்த்தால் கப்பல் வருவதற்குக் காத்திருக்கும் கூட்டம்தான்.

குளிருக்குப் போட்டுக்கொண்டு, ஓட்டம் தொடங்கும்போது கழற்றிப் போட்டுவிட ஒரு பழைய ஸ்வெட்டர் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் விதி. கழற்றிப் போடுவதைச் சேகரித்து ஏழைகளுக்கான அமைப்புகளுக்குக் கொடுப்பார்கள். கொச்சியில் பழைய ஸ்வெட்டருக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே ஸ்வெட்டர் அப்பா ஊட்டிக்குப் போனபோது வாங்கியது, பழுப்பு நிறம், முழங்கையில் அம்மா தைத்த ஒட்டு. அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வரிசை நகர ஆரம்பித்தது. பக்கத்தில் எல்லோரும் கழற்றி வேலியோரம் எறிந்தார்கள். நான் கழற்றி, மடித்து, வேலிக்கு அடியில் வைத்தேன். பின்னாலிருந்தவர் என் மேல் மோதிக்கொண்டார். பீரங்கி வெடித்தது.

வெரஸானோ பாலம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கூட்டத்தின் உற்சாகத்தில் பலர் அதில் பாய்ந்துவிட்டு, முப்பதாவது கிலோமீட்டரில் விலை கொடுப்பார்கள். வெண்டுருத்தி கற்றுக்கொடுத்திருந்தது, மெதுவாக ஏறினேன். புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் வரும்போது ஆரவாரம் சட்டென்று அடங்கியது. கறுப்புக் கோட்டு, தொப்பி, காதோரச் சுருள்முடி. யூதர் குடியிருப்பு. ஓட்டத்தைப் பொருட்படுத்தாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மட்டாஞ்சேரியில் யூதத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். 1568இல் கட்டிய அந்த ஜெபாலயத்தின் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் நடப்போம். அங்கே இப்போது யூதர்கள் விரல்விட்டு எண்ணுமளவுகூட இல்லை, கடைகள்தான். அந்தத் தெருவில் காலியான வீடுகளின் சொந்தக்காரர்கள் யாரோ இந்தப் பக்கம் நடப்பதுபோல் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இந்த இடம்தான் நன்றாக நினைவிருக்கிறது. குவீன்ஸ்பரோ பாலத்துக்கு அப்புறம் நடந்ததை மெடலை வைத்துத்தான் நம்புகிறேன். முப்பத்தைந்தில் சுவர் வந்தது, அம்மா போட்ட சோறெல்லாம் அதுவரைதான் தாங்கியது. சென்ட்ரல் பார்க்கில் நடந்தும் ஓடியும் முடித்தேன். நேரத்தைச் சொல்லப்போவதில்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு டீக்கடைக்குப் போனேன். மெடல் பையில் இருந்தது. காட்டவேண்டும் என்று ஆசை, காட்டக் கூச்சம். இக்காவே கேட்டார்: “கிட்டியோ?” எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கழுத்தில் மாட்டிப் பார்க்கவில்லை, எழுத்தைப் படிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கி எடை பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். கப்பலுக்குக் காத்திருந்த லட்சத்தீவுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

“இது எறிஞ்ஞால் தல பொட்டும்” என்று சொல்லி என் கையில் வைத்தார் இக்கா. எறிந்தால் மண்டை உடையும். அப்புறம் கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார், ஒன்றில் சர்க்கரை அதிகமாக.